சாய்வாக நின்று எடுத்த படம்

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு நிறைந்த என் வீட்டுக்காரருக்கு,

சந்தியா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். தையல் ஆறிவிட்டது, படியேறினால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. பாப்பா இன்னும் கண்ணாடி அறையில்தான் இருக்கிறாள். ஓமன் வெயிலில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் முகாமில் சிக்னல் வரும் இடத்தில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு "சொல்லு, சொல்லு" என்கிறீர்கள். எனக்கு ஒன்றும் சொல்ல வருவதில்லை. பிரவீன் லீவு முடிந்து புதன்கிழமை சத்தியவேட்டிலிருந்து உங்கள் முகாமுக்கே திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். உடைந்துபோன ஃபில்டருக்குப் பதிலாக எதை வாங்கட்டும் என்றீர்களே, என் கேமரா லென்ஸுக்கு அளவு 67. அதற்குப் பெரியதும் வேண்டாம், சிறியதும் வேண்டாம். கடைக்காரர் யூவி என்று ஒன்றை எடுத்து வைப்பார். ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இப்போதைய கேமராவுக்கு க்ளியர் என்று போட்ட வெறும் பாதுகாப்புக் கண்ணாடியே போதும். ஆனால் மட்டமானது மட்டும் வேண்டாம். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து அதில் விளக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மங்கிப்போய் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடித்தால் நல்ல பூச்சு. மட்டமான கண்ணாடி போட்டால் மண்டபத்து விளக்கெல்லாம் மாப்பிள்ளை முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். அப்புறம் பெண் வீட்டாருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அது கீழே விழுந்து உடைந்தது என்று மட்டும்தான் போனில் சொன்னேன். புத்தூரில் ஒரு முகூர்த்தம். ஏழாம் மாதம்தானே என்று ஒப்புக்கொண்ட வேலை. தாலி கட்டி முடிந்து, உறவுக்காரர்கள் வரிசையாக மேடையேறிக்கொண்டிருந்தபோது இடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல் ஒரு வலி. அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் இருந்த கேமரா நழுவி, லென்ஸ் குப்புறக் கல்லில் விழுந்தது. வீடியோ எடுக்க வந்திருந்த பழனி அண்ணன் ஓடிவந்து எடுத்துப் பார்த்தார். நீங்கள் அனுப்பியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி பொடிப்பொடியாகிக் கிடந்தது. "லென்ஸு நல்லாகீதும்மா, ஒரு கீறல் இல்ல. நீ மொதல்ல எழுந்திரு" என்றார். எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் சித்தப்பா பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யாரோ எவரோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அன்று மாலையே பாப்பா பிறந்துவிட்டாள். ஒன்றே கால் கிலோ. அழுதாள் என்று சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

உங்கள் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா தறிக்கு ஆள் வைத்துவிட்டுத் தினமும் நகரியிலிருந்து ரயிலேறி வந்துவிடுகிறார். உள்ளே தாயைத் தவிர யாரையும் விடுவதில்லை. அதனால் வராந்தாவில் ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். அந்தக் கண்ணாடியிலோ வராந்தா டியூப்லைட்டும் எதிர்ச்சுவரும் பார்க்கிறவர் முகமும்தான் தெரியும். ஒருநாள், பாப்பாவைப் பார்த்தீர்களா மாமா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். எந்தத் தொட்டில் என்று கேட்டேன். தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் கேமரா ஞாபகம் வந்தது. மாமாவிடம் சொன்னேன். "வேணாம்மா. அது வூட்டுக்கு வரட்டும், அப்பறமா புடிச்சிக்கலாம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள், பெரியவர் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அது இல்லை. சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அன்று நம் மூத்தவனைத் துணியில் சுற்றி வெளியே எடுத்து வந்தவர் அவர்தானே. நகரியில் எத்தனையோ பிள்ளைகளைத் தொட்டிலில் போட்ட அன்று படம் எடுத்தவள் நான். அவனுக்கென்று நம்மிடம் ஒரு படம் இல்லை. இவளை எடுத்தால், படமாவது மிஞ்சட்டும் என்று எடுத்ததாக ஆகிவிடுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது. அதனால் நானும் கேமராவைத் தொடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். இனி வாயில் பால் குழாய் மட்டும்தான். நர்ஸ் ரேகா தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பெண். என்னைக் கூப்பிட்டு, "பாப முகம் இன்னைக்குத்தான் முழுசா தெரியுது, சூடம்மா, வந்து பாரும்மா" என்றாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே பயம் போய்விட்டது. நாளைக்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும், இன்றைக்கு இந்த முகம் இருக்கிறதே என்று தோன்றியது. ரேகா டாக்டரிடம் கேட்டு வந்தாள். ஃபிளாஷ் கூடாது, வராந்தாவிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நீங்கள் வாங்கி அனுப்பிய, கண்ணாடியில் விழும் பிம்பத்தை மங்கவைக்கும் போலரைசர் ஃபில்டரைத்தான் அன்று வெளியே எடுத்தேன். மண்டபத்துக்குள் வேலை செய்கிறவளுக்கு அது எதற்கு, ஏற்கெனவே இல்லாத வெளிச்சத்தில் பாதிக்குமேல் தின்றுவிடுமே என்று உங்களைத் திட்டினேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. என்னைப் பார்க்க வந்த பிரவீன்தான் அதை எடுத்து வராந்தா டிவிக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரை இருட்டவே இல்லையே, தேவாவை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்றார். வாங்கித் திருப்பிப் பிடித்து, மரை இருக்கும் பக்கத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துச் சுழற்றிக் காட்டினேன். டிவி கறுப்பாகிவிட்டது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நல்ல சரக்குதான்.

உடைந்த கண்ணாடியின் வளையம் நசுங்கி லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேமராப் பையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பழனி அண்ணன் அதன்மேல் ரப்பர் பேண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார். போலரைசரைப் போட்டு ஜன்னலுக்கு நேராக நின்று சுழற்றிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அதே டியூப்லைட், அதே என் முகம். நேராக நின்றால் அது வேலை செய்யாது, அவசரத்தில் மறந்துவிட்டேன். சுவரோரமாக நகர்ந்து சாய்வாக நின்று வளையத்தை மெல்லத் திருப்பினேன். டியூப்லைட் மங்கியது. சுவர் போனது. நான் போனேன். அந்த இடத்தில் பச்சைத் துணிமேல் அவள் படுத்திருந்தாள்.

மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. எடுத்ததைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணு தொறந்துக்கினு கீதும்மா" என்றார். பிறகு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, "இன்னொன்னு புடி" என்றார்.

அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். செல்லில் அனுப்ப எனக்கு மனசில்லை. நீங்கள் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

நேற்று முதல் தடவையாகத் தானாகச் சப்பிக் குடித்தாள், இரண்டு வாய். எடையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த வாரம் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்கிறார் டாக்டர். நானும் அவரை அதற்குமேல் கேட்பதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொட்டிலில் ஒட்டிய சீட்டில் என் பெயரைப் போட்டுப் பக்கத்தில் பாப்பா என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயர் என்று நான் ஆரம்பித்தாலே நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். போன தடவை பிறக்கும் முன்பே பெயர் பார்த்து வைத்திருந்தோம். அதனால்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் தினமும் கொஞ்ச நேரம் அவளை என் மார்மேல் போடுகிறார்கள். சூடாக, ஒரு பூனைக்குட்டிபோல் கிடக்கிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் சும்மா முனகிக்கொண்டிருக்கிறேன். அவளும் காத்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

படத்தை நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு பெயர் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன அன்றைக்கே அவள் காதில் சொல்லிவிடுகிறேன், உன் நைனா வைத்த பெயர் என்று.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
சந்தியா.