அத்தானைக் காட்டிச் சொன்ன சொல்

என் உயிரே, பொன்னக்கா,

போன வாரம் உன் பேத்தியின் மகள், பாரோயில் இருக்கும் நம் வீட்டுக் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள் பொம்மையைத் தொட்டதும் மார்போடு அணைத்துக்கொண்டு, "மைன்!" என்று கத்தினாள். என் கை தானாகப் போய் அவள் வாயைப் பொத்திவிட்டது. "ஏன் பாட்டி?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன் அக்கா?

அந்தச் சொல்லை நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தவளே நீதான். வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது, துரையின் சின்ன மகன் எதைப் பிடுங்கினாலும் அப்படிக் கத்துவானாம். "என்னுதுன்னு அர்த்தம்டி" என்று எனக்குச் சொல்லித் தந்தாய். நம்மிடம் என்ன இருந்தது அப்படிச் சொல்ல? வீடு தோட்டத்துடையது, பால் வெட்டும் கத்தி தோட்டத்துடையது, வாளியும் தோட்டத்துடையது. ஆனாலும் உன் சீப்பைக் காட்டி மைன் என்பாய், குவளையைக் காட்டி மைன் என்பாய். மடியில் கிடந்த உன் மகள் சரசுவும் கற்றுக்கொண்டாள்.

அத்தான் வெற்றிலையை மென்றபடி சீண்டுவார். "துரைசாணி வந்துட்டாங்க, எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கலா!" கடைசியில், "அப்ப நான் யாரோடதாம்?" என்று ஒரு கேள்வி போடுவார். அதற்கு மட்டும் நீ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாய். புருஷன் பேரைக்கூட வாயால் சொல்லாதவள், அதையா சொல்லப்போகிறாய்?

அப்புறம் துரை குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது. ஜப்பான்காரன் வந்தான். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வாய்தவறி 'எஸ் சார்' என்றதற்கு அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு. அன்றோடு அத்தானின் கேலி நின்றது. "பொன்னு, அந்த வார்த்தய வுட்டுரு. வெள்ளக்காரனுக்கு வேவு பாக்கறவன்னு புடிச்சுக்கிட்டுப் போயிருவான். புள்ளைக்கும் மறக்கடிச்சுரு."

பேசப் பழகும் குழந்தைக்கு ஒரு சொல்லை எப்படி மறக்கடிப்பது? வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டாலே நீ அவள் வாயில் மரவள்ளிக் கிழங்கைத் திணிப்பாய். கிழங்கு இல்லாத நாளில் நான் கையால் பொத்துவேன்.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு விடிகாலையில் மட்டும் அடிக்கும் தண்டவாளத் துண்டை ஒருநாள் பட்டப்பகலில் அடித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அரிசி போடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பசி யாரை யோசிக்க விட்டது! தகர டின்னும் சாக்குமாக ஓடினோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்து காட்டில் ஒளிந்திருந்த ஆண்களும் ஓடிவந்தார்கள். அத்தானும் வந்தார். பெரட்டுக் களத்தில் அரிசி இல்லை. லாரி நின்றது.

ஜப்பான் அதிகாரி பிரம்பால் அத்தானைத் தொட்டான். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். அவன் ஏதோ கத்தினான். தோட்ட ஆபீஸ் கிராணி, "இவன் யாருன்னு கேக்கறாரு. பேரச் சொல்லும்மா, சீக்கிரம்!" என்றார். உன் உதடு அசைந்தது. பேர் வரவில்லை. உயிர் போகிற நேரத்திலும் அவர் பேர் உன் வாயில் வரவில்லை அக்கா.

"மைன்" என்றாய்.

கிராணி முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் இடுப்பில் இருந்த சரசு, அம்மா சொன்ன பழகிய சொல்லைக் கேட்டு வாயைத் திறந்தாள். நான் இறுக்கிப் பொத்தினேன். அவள் மூச்சு என் உள்ளங்கையில் முட்டியது. அந்த அதிகாரிக்கு அந்தச் சொல் புரிந்ததா, அது இங்கிலீஷ் என்று மட்டும் தெரிந்ததா? உன்னை ஓங்கி அறைந்தான். நீ விழுந்தாய். அத்தானை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

லாரி கெமாஸ் ரயிலடிக்குத் திரும்பும் இடத்தில், அந்தச் சொல்லுக்கு நம்மைவிட அதிகம் பயந்த அந்த மனுஷன் எழுந்து நின்றார். உன்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "மைன்! பொன்னு, மைன்!" என்று கத்தினார். துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்து உட்கார வைத்தார்கள். அப்போதும் குரல் கேட்டது.

அவர் திரும்பி வரவில்லை. சண்டை ஓய்ந்து, சயாமுக்குப் போனவர்களின் பேரை ஆபீஸில் கேட்டபோது நீ என்னைத்தான் கை காட்டினாய். முனியாண்டி என்று நான் சொன்னேன். சாகும்வரை அந்தப் பேரையும் நீ சொல்லவில்லை, அந்தச் சொல்லையும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் லாரி சத்தம் கேட்டால் கை வாயைத் தேடிப் போகிறது.

உன் கொள்ளுப்பேத்தி என் பதிலுக்குக் காத்திருக்கிறாள் அக்கா. அவள் பூட்டி ஒரே ஒரு ஆளைக் காட்டித்தான் சபையில் அதைச் சொன்னாள் என்று, அவர் பேரோடு சேர்த்து அவளுக்குச் சொல்வேன். அடுத்த முறை அவள் கத்தும்போதும் என் கை எழும். மடியிலேயே அதை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவள் கத்தட்டும்.

அன்று உன் மகளின் வாயைப் பொத்தி நின்ற
உன் தங்கச்சி,
அஞ்சலை