வாசிப்பவர் வந்த பிறகு

நம் மகளின் அம்மாவுக்கு,

நலம் கேட்கும் உரிமையை உன் அண்ணன் என்னிடம் விட்டுவைத்திருக்கிறாரா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: நலமா? பாப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் பியானோவைப் பழுதுபார்க்கிறேன். நீ கேட்டதால் அல்ல. நீ கேட்கவே இல்லையே. உன் அண்ணன்தான் உன் சாமான்களை அனுப்பச் சொன்ன கடிதத்தில் 'மேற்படி பியானோ' என்று எழுதியிருந்தார். அந்த 'மேற்படி'க்காகவே இரண்டு வருடம் அதை அனுப்பாமல் வைத்திருந்தேன். போன வாரம் பாப்பா போனில், "அப்பா, பியானோ வருமா வராதா? இல்லன்னா மாமா புதுசு வாங்கித் தரேங்கறாரு" என்றாள். அவர் வாங்குவதற்குள் இது அங்கே போய்ச் சேர வேண்டும். என் நல்லெண்ணம் அவ்வளவுதான்.

பியானோக்காரர் பெரிய வாயாடி. முன்பலகையைக் கழற்றியதும், இதற்கு முன்பு கைவைத்தவரின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். தந்திகளைத் தட்டும் சுத்தியல்களும் நெம்புகோல்களும் இருக்கும் சட்டத்தை அப்படியே தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டார். சில நாள் நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். சுத்தியல்களைப் பிடித்திருக்கும் நாடாக்கள் தொட்டதும் பொடியாயின. சுத்தியல்களின் மேல் ஒட்டிய ஃபெல்ட் கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. நடுவில் உள்ள சுத்தியல்களின் முகத்தில், தந்தி பட்டுப் பட்டு, நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம். இரண்டு கோடியிலும் இருப்பவை புதுசு போல இருக்கின்றன. அந்தப் பக்கமெல்லாம் நீ போனதே இல்லை.

பள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினார். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. பாப்பா தூங்கும் மத்தியானங்களில் சத்தத்தை அடக்கும் நடு மிதியை அழுத்திவிட்டு நீ வாசித்ததெல்லாம் அந்தப் பள்ளங்களில்தானே இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து வருவது போலக் கேட்கும். நான் ஒரே விடைத்தாளைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பேன்.

நடுவில் ஒரு கட்டை 'டக்' என்று முட்டுமே, அது சுத்தியலின் அச்சு ஊசி தளர்ந்ததால் வந்த சத்தமாம். ஊசியை மாற்றிவிட்டு, இனி அந்தத் தொல்லை இல்லை என்று பெருமையாகச் சொன்னார். மாடிப்படி ஏறும்போதே அந்த 'டக்'கைக் கேட்டு நீ வீட்டில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். அவருக்கு நன்றி சொன்னேன், மனசார அல்ல.

நேற்று எல்லாவற்றையும் உள்ளே பொருத்தினார். கட்டைகளின் அழுத்தத்தைச் சரிசெய்வது மட்டும் பாக்கி. என்னை வாசிக்கச் சொன்னார். ஒரு விரலால் தட்டினேன்.

"கடன்காரன் கதவத் தட்டுற மாதிரி இருக்கு சார். வீட்ல யாரு வாசிக்கிறது?"

"என் வீட்டுக்காரி" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"அவங்க ஒரு தடவ உக்காரணும். அப்பதான் அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி வெக்க முடியும்."

ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்.

"அப்ப வந்ததும் சொல்லியனுப்புங்க" என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். நீ போய் எத்தனை நாளாயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

அங்கேயே ஒருவரைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளலாம் என்று உன் அண்ணன் சொல்வார். செய்துகொள்ளலாம்தான். லாரிக்காரரும் கூப்பிட்டால் நாளைக்கே வருவார். உன் கை எப்படி என்று நானே பியானோக்காரருக்கு விளக்கியிருக்கலாம். வலது சுண்டுவிரல் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் விழும் என்று எனக்குத் தெரியும். அதை அந்த மனிதரிடம் சொல்ல மனம் வரவில்லை.

பாப்பாவுக்கு என் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வா. அரைமணி நேர வேலைதான் என்கிறார். அதற்கு மேல் ஆனாலும் நான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா