ஆண் பப்பாளிக்கு ஊற்றிய கஷாயம்

என் கூடப்பிறந்தவள் பெற்ற மருமகனே,

இன்று காலை வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது செருப்பில் நெருஞ்சி முள் ஏறிவிட்டது. பிடுங்கினேன், எறியக் கை வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புமுன் விரையில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். அறுத்தெடுத்த பிறகு ஊசி மருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறம் பிள்ளை பிறக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். நோயைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளை பொறக்குமா சார்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாய்.

நான் விடுவேனா? எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் பொதிகை மலையில் எனக்கு வணக்கம் வைக்காத பச்சிலை கிடையாது. மாஞ்சோலை ஏறி, பாதையை மறித்த கொம்பன் யானையை அதட்டி ஒதுக்கி, நெருஞ்சியும் பூனைக்காலி விதையும் கொண்டுவந்து கஷாயம் வைத்தேன். ஊசியின் சூட்டில் வித்து கருகாமல் இது காக்கும் என்று டாக்டரிடமே அடித்துச் சொன்னேன்.

"செடியில அப்படிச் சத்து இருக்கான்னு ஆராய்ச்சி நடக்கு அண்ணாச்சி. ஆனா வயல்ல போடுத உரத்தக் களையும் திங்கும்லா? வித்தக் காக்கது கட்டியையும் காத்துட்டா என்ன செய்ய? இப்பக் குடுக்காதீங்க" என்றார் அவர்.

நான் அசரவில்லை. தினமும் தூக்குவாளியில் கொண்டுவந்தேன். நீயும் வாங்கிக்கொண்டாய். பிறகுதான் பார்த்தேன், கொல்லையில் பூத்துக் கொட்டுமே தவிர காய்க்காத ஆண் பப்பாளியின் அடிமூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

"ஏலே, யானைகிட்ட உசிரப் பணயம் வச்சுக் கொண்டாந்தது லே!"

"நெருஞ்சி நம்ம பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலயே கெடக்கே மாமா. அங்கன ஏது யானை? இந்த மரம் காய்க்கட்டும், நானும் குடிக்கேன்."

மறுநாளே டவுணில் ஒரு பப்பாளி வாங்கி, மரத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். நீ நூலைக் கண்டுபிடித்துவிட்டாய். முடி கொட்டிய தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

"மருந்து முடியட்டும் மாமா. டாக்டர் சரின்னாருன்னா வாளியோட குடிக்கேன்" என்றாய்.

மருந்து முடியுமுன் நீ போய்விட்டாய். உன் பெண்டாட்டியை அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். போகும்போது அந்தப் பப்பாளிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் இன்னும் கஷாயம் வைக்கிறேன். மரத்துக்கே ஊற்றுகிறேன். இந்த மாசம் நீளக் காம்பில் ஒரு பிஞ்சு தொங்குகிறது. தெருவெல்லாம் சொன்னேன். "எந்தக் கடையில வாங்கினீங்க அண்ணாச்சி?" என்று சிரிக்கிறார்கள். உன் அம்மா, என் கூடப்பிறந்தவள், அவளும் வந்து காம்பைத் தடவி நூலைத் தேடினாள். தேடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

யானையை வேண்டுமானால் நம்பாதே. இதை நம்பு. பையில் நெருஞ்சி குத்துகிறது, இன்றைக்கும் அடுப்பு மூட்டப் போகிறேன்.

மரம் காய்ச்சிட்டு லே. சொன்னபடி வந்து குடி.