சட்டையில் மட்டும்தான் கள்

ம்வாபாவின் அம்மாவுக்கு, கசோண்டே வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் களியைச் சண்டையில்லாமல் தின்கிறார்களா?

நேற்று உன் அண்ணன் காட்டு முகாமுக்கு வந்தார். உன்னைப் போலவே அவருக்கும் போலீஸ் நாய் மூக்கு. வந்ததும், "மறுபடி குடிச்சா அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு தங்கச்சி சொன்னது மறந்துபோச்சா மாப்ள?" என்றார்.

வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து எண்ணுவதற்காக, வாழைப்பழத்தைச் சோளக்கள்ளில் புளிக்கவைத்து வலைக்கூண்டில் வைப்பது என் வேலை. அது சட்டையில் சிந்தியது என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குள் இரட்டைவால் வண்ணத்துப்பூச்சி ஒன்று என் சட்டைக் கையில் உட்கார்ந்து, நாக்கை நீட்டி உறிஞ்சத் தொடங்கியது. அவர் முகத்துக்கு நேரே வாயால் ஊதிக் காட்டினேன். முகர்ந்துவிட்டு, "வாய்ல வாடை இல்ல. குடிகாரன் இவன்தான்" என்று பூச்சியைக் காட்டிச் சிரித்தார். அவரையே கேட்டுக்கொள்.

அவர் படுக்கப் போன பிறகும் பூச்சி போகவில்லை. நானும் கையை அசைக்கவில்லை. இரண்டு மாதத்தில் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

சட்டைக்குச் சவுக்காரம் அனுப்பு. நீ இடுப்பில் கட்டும் பழைய துணி ஒன்றும் அனுப்பு, அதைத் துவைக்காதே. இந்தக் கடிதத்தோடு உன் அண்ணன் ஏறும் கரி லாரி புறப்படுகிறது.

குடிக்காத உன் கசோண்டே