தனம் அக்காவின் இடது கைப் பிரேக்

28-8-2006, திங்கள்

இன்று ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கேம்ப் ரோட்டிலிருந்து சேலையூர் வரை எத்தனை மெக்கானிக் கடைகள்! அத்தனையையும் தாண்டி என்னிடம் வருகிறார்கள். ரொம்பப் பெருமைப்படாதே என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். ஏன் படக் கூடாது? வருஷக்கணக்கில் ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் அடுத்தவன் கடைக்கு பில் போட்டவள் நான். இன்றைக்குச் சொந்தமாக ஒரு டூ-வீலர் கடை நடத்துகிறேன். கோகிலவாணி பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

மேடவாக்கத்து ஐடி பையன் சத்தியநாதன் தரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இது ஒர்க்‌ஷாப்பா, கிளினிக்கா?" என்றான். ஆயில் சொட்டினால் உடனே மரத்தூள் போட்டுக் கூட்ட வேண்டும். இது என் சட்டம். என் ஹெட் மெக்கானிக் லாசரஸ் அண்ணா இதற்காக என்னை மனதுக்குள் திட்டுவார், தெரியும். திட்டட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கஸ்டமரிடம் காட்ட வேண்டும். சொன்ன நேரத்துக்கு வண்டி தயாராக நிற்க வேண்டும். ஒரு நல்ல கடையிடம் ஜனங்கள் வேறென்ன கேட்கப் போகிறார்கள்?

31-8-2006, வியாழன்

தனம் அக்கா முதல் முறையாக நம் கடையில் வண்டி விட்டார். கோவளத்துப் பக்கம் மீனவர் குப்பம். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மேடவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று தெருத்தெருவாக விற்கிறவர். நாற்றம் என்று சொல்லி இரண்டு கடைகளில் வண்டியை உள்ளே விடவில்லையாம். மீன் வண்டி மீன் வாசனை அடிக்காமல் பின்னே மல்லிகைப்பூவா மணக்கும்? நான் கடை நடுவிலேயே நிறுத்தச் சொன்னேன். அக்காவுக்குப் பிடித்துவிட்டால் குப்பத்துப் பெண்கள் எல்லாருடைய வண்டியும் இங்கேதான் வரும். அது எனக்கு வேண்டும், மனதார வேண்டும்.

இடது கைப் பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டுகிற மாதிரி உள்பக்கமாக வளைந்து கிடந்தது. அதன் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். பாவம், எங்கேயோ விழுந்திருக்கிறார், மாற்ற வழியில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். புதுசு போடுங்க, கணக்குல எழுத வேண்டாம் என்று லாசரஸ் அண்ணாவிடம் சொன்னேன்.

சாயங்காலம் நல்ல மழைக்கு நடுவே வந்தார். பழைய லீவரை எடுத்துக் காட்டி, "இதுக்குக் காசு வேண்டாங்க்கா, நம்ம கடையோட அன்பளிப்பு" என்றேன். கையில் வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்று அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு சிரிப்புகூட இல்லை. கூச்சம் போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "நீ தர்மம் பண்ணாலும் தவில் வச்சுத்தான் பண்ணுவே" என்கிறார். மறைமலை நகர் பிளான்ட்டில் ஒரு போல்ட் மாற்ற நாலு பேரிடம் கையெழுத்து வாங்குகிற மனிதருக்கு என் கடையின் அருமை எப்படித் தெரியும்!

2-9-2006, சனி

தனம் அக்காவை இரண்டு நாளாக இந்தப் பக்கம் காணோம். சேலையூரில் இன்று மீன் இல்லை.

4-9-2006, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார் தனம் அக்கா. முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டு. வெள்ளிக்கிழமை மேடவாக்கம் கூட்ரோட்டில் முன்னால் போன தண்ணி லாரி திடீரென்று நின்றிருக்கிறது. பின்னால் பெட்டி நிறைய மீன். பின் சக்கரத்துக்கான பிரேக் இடது கையில்தான். அதைப் பிடிக்க முடியாமல் ஓரமாக ஒடித்து, ஜல்லியில் சறுக்கி விழுந்திருக்கிறார். மீனெல்லாம் ரோட்டில். காலில் தையல்.

கடையில் கஸ்டமர்கள் இருக்கும்போதே நடுவில் நின்று கேட்டார்.

"யாரு உன்ன மாத்தச் சொன்னா? வளைஞ்சி கீதுன்னு நான் உங்கைல சொன்னனா?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி மடங்கியே இருக்கின்றன. நிமிராது. என்றைக்கோ திருக்கை மீன் முள் குத்திச் சீழ் பிடித்த கையாம். அன்றைக்கு சாவி வாங்கியதும் இந்தக் கையில்தானே! நான் பார்க்கவே இல்லை.

"கொல்லம்பட்டறைல நின்னு, இந்தக் கையி எட்டற மாரி நானே வளைச்சி வாங்கின லீவரு அது. விழுந்து வளைஞ்சதுன்னு நீயா முடிவு பண்ணிட்டியா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அப்படிக் கேட்டதற்கு.

"இன்னான்னு சொல்றது? காசு வேணாம், காசு வேணாம்னு பல்ல காட்டிகினு நிக்கிற. சும்மா குடுத்தத எப்டிமா குத்தம் சொல்றது? வாய மூடிகினு பூட்டேன். பழச குடு, அது போதும்."

பழசு இல்லை. சனிக்கிழமையே காயலான் கடைக்காரன் மூட்டையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேசையைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார். "எங்க பொம்பளைங்க எவளும் இனிமே இங்க வர மாட்டா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அய்யோ, நல்லதுதானே செஞ்சேன்? நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எனக்கு?

5-9-2006, செவ்வாய்

காயலான் கடையில் போய்க் கிளறினேன். லோடு நேற்றே போய்விட்டதாம். கை முழுக்கத் துருவும் கிரீஸும்.

லாசரஸ் அண்ணாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். "கம்பெனி அளவுல போட்டது தப்பா மேடம்? அந்தம்மா தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்" என்கிறார். தப்பு அவருடையது இல்லை, போடச் சொன்னவள் நான். ஆனாலும் அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம். இரண்டு பேரும் மதியம் சேர்ந்து டீ குடிக்கவில்லை.

7-9-2006, வியாழன்

புது லீவரை வளைக்கப் பார்த்தோம். அலுமினியம். வளையவில்லை, ஒடிந்தது. இன்னொன்று. அதுவும் ஒடிந்தது.

9-9-2006, சனி

இன்று ஒரு காரியம் செய்தேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சர்வீசுக்கு வந்த ஒரு மொபெட்டை, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் உள்ள காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இடது கையில் இரண்டு விரல்களையும் மடக்கி இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். ஓட்டினேன். பிரேக்கைப் பிடிக்க விரலை நீட்டினால், லீவர் அங்கே, விரல் இங்கே. மீதி விரல்களால் கொக்கி போட்டு இழுத்தால் வலுவே இல்லை. வேலி வரை போய்க் காலை ஊன்றித்தான் நின்றேன். பெட்டியில் மீன் இல்லை, முன்னால் லாரி இல்லை, அதற்கே இந்தப் பாடு.

திரும்பினால் லாசரஸ் அண்ணா நிற்கிறார். டேப்பை வாங்கித் தன் விரல்களில் சுற்றிக்கொண்டு அவரும் ஒரு சுற்று போய் வந்தார்.

"எட்டல மேடம்" என்றார். அப்புறம், "பழைய மாடல்ல இரும்பு லீவர் வரும். அது வளையும். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல தேடுனா கெடைக்கும்" என்றார்.

டீ இன்று சேர்ந்துதான் குடித்தோம்.

12-9-2006, செவ்வாய்

லாசரஸ் அண்ணா எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர் போய், புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறார். துருப்பிடித்த இரும்பு லீவர் ஒன்று. தங்கச் செயின் வாங்கி வந்தவர் மாதிரி கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பளபளவென்று ஆக்கிவிட்டார்.

எவ்வளவு வளைப்பது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? என் கையா அது?

16-9-2006, சனி

தனம் அக்கா மறுபடி வியாபாரத்துக்கு வருகிறார் என்று தெரிந்தது. நானும் லாசரஸ் அண்ணாவும் டூல்ஸ் பையோடு மேடவாக்கம் போனோம். ஒரு அபார்ட்மென்ட் கேட் அருகே மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மொபெட்டைத் தள்ளாத குறையாக ஓட்டி வந்தாராம்.

என்னைப் பார்த்ததும், "மீன் வேணும்னா நில்லு. இல்லன்னா நவுரு, வியாபாரம் கெடுது" என்றார். நின்றேன். வரிசையில் நின்று சங்கரா வாங்கினேன். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

கூட்டம் குறைந்ததும் லாசரஸ் அண்ணா முன்னால் போனார். "அம்மா, இன்னும் மாட்டல. வண்டில உக்காந்து கைய வச்சிக் காட்டுங்க. எங்க வரணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லாசரஸ் அண்ணா லீவரைப் பிடித்துக் காட்ட, "உள்ள" என்றார். "இன்னும் உள்ள." சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, பக்கத்து வெல்டிங் கடையில் காய்ச்சி வளைத்து வந்தார் அண்ணா. போதவில்லை. மறுபடி ஓடினார். மாட்டியதும் அக்கா மடங்கிய இரண்டு விரலையும் அதன் மேல் போட்டார். அது உள்ளங்கைக்குள் போய் அடங்கியது.

முனை வரை ஓட்டிப் போய், சட்டென்று பிடித்தார். டயர் கிறீச்சிட்டு நின்றது. திரும்பி வந்தார்.

"ம்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்து அடுத்த மீனை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் எனக்குள் அப்படி ஒரு பெருமை. யாரும் பாராட்டவில்லை, யாரும் மன்னிக்கவும் இல்லை. இருந்தாலும் பெருமை. சங்கராவைக் குழம்பு வைத்தேன். இவரிடம் டேப் விஷயத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்யவில்லை. இன்னொரு துண்டு போடு என்றார்.

1-10-2006, ஞாயிறு

ஆயுத பூஜை. கடை முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும். வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. லாசரஸ் அண்ணா சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்து பொரி கட்டிக் கொடுத்தார். தெருவே என் கடையைப் பார்த்தது.

குப்பத்து வண்டி ஒன்றுகூட இல்லை. எவளும் வர மாட்டா என்று சொன்னார். சொன்ன சொல்லில் நிற்கிறார்.

9-10-2006, திங்கள்

பதினோரு மணிக்கு ஒரு மீன் வண்டி வாசலில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டாவது வண்டியில் தனம் அக்கா. முதலாவதில் அவருடைய ஓரகத்தி பட்டு. பட்டுவின் வண்டிக்குத்தான் வேலை.

லாசரஸ் அண்ணா ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் பட்டுவை வண்டி மேல் உட்காரச் சொன்னார். பிரேக் எட்டுகிறதா, கால் தரையில் படுகிறதா, பெட்டியில் எவ்வளவு கனம் ஏற்றுவீர்கள், ஹேண்டிலில் இந்தக் கயிறு எதற்கு, இருக்கட்டுமா எடுக்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

பட்டுவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா இது பேஜாரு, பொண்ணு பாக்க வந்தவங்க மாரி இவ்ளோ கேள்வி கேக்கறாங்க?"

"கேக்கட்டும். கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு" என்றார் தனம் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. "சாயங்காலம் வந்தா, உன் வண்டி உன்னுதாவே இருக்கும்."

பட்டுவின் சாவியைப் பிடுங்கி என் கையில் வைத்தார். மடங்கிய விரல்கள் என் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் பட்டன. பிறகு காலிப் பெட்டியை முன்னால் மாற்றி வைத்து, பட்டுவைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, வண்டி என்ன ஆகிறது என்று ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல், மேடவாக்கம் பக்கம் போனார்.