உப்புப் பார்க்காத குழம்பு

ஆதவா,

தூங்குகிறாய், எழுப்பவில்லை. இன்று அமாவாசை. அப்பாவுக்குப் படையல் சமைத்து வைத்திருக்கிறேன். உச்சிவேளைக்குள் நான் வராவிட்டால் நீயே இலை போட்டுக் கும்பிட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடு.

வேங்கிக்கால் படிப்பு மையத்துக்குப் போகிறேன். பி.ஏ. வரலாறு சேர இன்றுதான் கடைசி நாள். "அப்பா போயி ஒரு வருஷந்தான் ஆவுது, அதுக்குள்ள உனக்குப் படிப்பு கேக்குதா?"ன்னு நேற்று கேட்டாய்.

பல்கலைக்கழகம் நெட்டில் இலவசமாகப் போட்டிருந்த பாடங்களைத் தேடிக் கொடுத்ததே அப்பாதான்டா. "மொதல்ல ருசி பாரு தனம், புடிச்சா சேந்துக்கலாம்"னு சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவரும் கூடவே கேட்டார். மூன்றாவது பாடம் பாதியில் நிற்கிறது. அதை என்னால் தனியாகத் திறக்க முடியவில்லை. மிச்சத்தை ருசி பார்க்காமலேதான் சேரப் போகிறேன்.

சாவி ஜன்னலோரம் ஆணியில் இருக்கிறது.

பின்குறிப்பு: படையல் சமையலை வாயில் வைக்கக் கூடாதென்று குழம்பில் உப்புப் பார்க்கவில்லை. அப்பா இருந்தவரை எந்த அமாவாசையிலும் முதல் வாய் சாப்பிட்டு உப்புச் சொன்னவர் அவர்தான். இன்றைக்கு நீ போன் பண்ணு. கம்மி, ஜாஸ்தி, எதையாவது சொல்லு. நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவே இல்லை.

அம்மா