மடியில் வைக்கக் கூடாது

மகளுக்கு,

மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லை. இப்போது அங்கே வருகிறோம், வாடகைக் கார் எடுத்து ஓட்டப் போகிறோம், அந்த நாட்டு விதிகளைச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குத் தேவைப்படாத அப்பன் காருக்குத் தேவைப்படுகிறான். கேட்டுக்கொள்.

இங்கே சாலையின் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஹாரனில் கை வைக்காதே. அடித்தால் திட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். 'நில்' பலகையைக் கண்டால், தெருவே காலியாக இருந்தாலும் வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். இதை உன் கணவனிடம் அழுத்திச் சொல். யாரையும் கேட்காமல் போய்க்கொண்டே இருப்பவர்களுக்கு அது சிரமம்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தாய்: "ரெண்டு வயசுக் குழந்தையை மடியில வச்சுக்கலாமாப்பா, தனி சீட்டு வேணுமா?"

அதைப் படித்துத்தான் நான் தாத்தா ஆனேன். உடனே உன் அத்தைக்குப் போன் போட்டேன். "ஐயையோ, உனக்கு இன்னும் சொல்லலையாண்ணே? அச்சு அசல் உன் மூக்கு. கோபத்துல உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவா!" என்று சிரிக்கிறாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மடியில் வைக்கக் கூடாது. தனி இருக்கை கட்டாயம். வாடகைக்குத் தருவதை நம்பாதே, வார் பிய்ந்திருக்கும். நேற்று நானே ஒன்று வாங்கி, காலை முழுக்க மல்லுக்கட்டி, என் வண்டியின் பின்சீட்டில் மாட்டிவிட்டேன். உங்களுக்காக அதைக் கழற்றித் தர மாட்டேன். விமான நிலைய வாசலில் நிற்பேன். குழந்தை என் வண்டியில்தான் வரும். நீங்கள் இருவரும் எப்படியோ வந்து சேருங்கள்.

அவள் பெயரை அத்தை சொல்ல வந்தாள். போனை வைத்துவிட்டேன். அதையாவது நீ சொல்.

கோபம் தீராத,
அப்பா